இடப்பக்கக் கதவு

அன்று காலை நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. பதினொரு வருடங்களாக அநேகமாக ஒவ்வொரு வேலைநாளும் செய்துவந்ததைத்தான் அன்றும் செய்தேன். கார் வரிசையில் நின்றது. நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

எங்கள் வீடு குண்டசாலையில். நான் கண்டி நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதர். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. என் கணவருக்குப் பிலிமத்தலாவையில் ஓர் இரும்புக் கடையில் களஞ்சியப் பொறுப்பு. காலையில் இருவரும் ஒரே காரில் புறப்படுவோம். தென்னக்கும்புறப் பாலம்வரை வண்டி ஓடும். அதற்குப் பிறகு ஊரும். வாவிக் கரையை நெருங்கும்போது அதுவும் நின்றுவிடும். பாடசாலை வேன்கள், பஸ்கள், பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வரும் முச்சக்கரவண்டிகள் எல்லாம் அந்த ஒரே நேரத்தில் அந்த ஒரே பாதைக்குத்தான் வரும். என் அலுவலகத் தெருவுக்குள் காரைத் திருப்பினால் ஒருவழிப் பாதையில் மாட்டிக்கொண்டு நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். அவரோ இன்னும் பேராதனையைத் தாண்டிப் போகவேண்டியவர். அதனால் வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேயே நான் இறங்கிவிடுவேன்.

"இறங்கு, இறங்கு, விட்டுட்டான்" என்பார். முன்னாலிருக்கும் வண்டி நகரத் தொடங்கியிருக்கும். நான் பாதி இறங்கும்போதே பின்னாலிருந்து ஹோன் அடிப்பார்கள். ஓரமாக ஒதுக்கி நிறுத்தலாமே என்ற பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை. ஒதுக்கினால் மறுபடி வரிசைக்குள் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இடப்பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடியை வேறு மடக்கி வைத்திருந்தோம். அதற்கு முந்திய வருடம் ஒரு முச்சக்கரவண்டி உரசி அதை உடைத்துவிட்டது. அன்றிலிருந்து நெரிசலுக்குள் நுழைந்ததும் யன்னலை இறக்கி அதை மடக்கிவைப்பது என் வேலை.

மழை தூறிக்கொண்டிருந்தது. யன்னல்கள் புகை படிந்தது போல மங்கியிருந்தன. எனக்கு அன்று பணிப்பாளரின் கூட்டத்துக்குக் கோப்புகளை எடுத்து வைக்கவேண்டும். கதவின் பிடியில் கையை வைத்துக்கொண்டு அவருடைய "இறங்கு" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். பின்னால் எங்கோ சின்னதாக ஒரு மணிச்சத்தம் கேட்டது. யாருடைய தொலைபேசியோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது, அது காதில் விழுந்து போனது, அவ்வளவுதான். அவர் "இறங்கு" என்றார். திறந்தேன்.

கதவு என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது போலிருந்தது. ஒரு அடி, ஒரு இரும்புச் சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நடைபாதையின் விளிம்பில் நீல மழைச்சட்டை போட்ட ஒரு பெண் பக்கவாட்டில் கிடந்தாள். சைக்கிளின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

என் கணவர் இறங்கி ஓடிவந்து முதலில் கதவைப் பார்த்தார். அதை நான் கண்டேன். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் முதலில் பார்த்தது அந்தப் பெண்ணையும் இல்லை, கதவையும் இல்லை. யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

"என்ர தோள்" என்றாள் அந்தப் பெண். "தொடாதேங்கோ, தொடாதேங்கோ. நான் எழும்புவன்."

தமிழ் என்றதும் எனக்கு ஏனோ இன்னும் அதிகமாகப் பதறியது. "ஐயோ புள்ள, நான் பாக்கல்லியே" என்றேன். அந்த ஒரு வசனத்தை அன்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. பாதையைக் கடந்து ஓடிவந்த போக்குவரத்துப் பொலிஸ்காரர் கணவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, காயப்பட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்கு வாருங்கள் என்றார். பின்னால் நின்ற பஸ் சாரதி இவ்வளவுக்கும் ஹோனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. வாவிக் கரையில் கடலை விற்பவர் ஒருவர் சைக்கிளை நிமிர்த்திக் கொண்டுபோய்த் தன் தள்ளுவண்டியோடு சாத்திவைத்தார். கணவர் காரை எடுத்துக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனார். போகாமலும் முடியாது, அந்த இடத்தில் காரை விடவும் முடியாது. நான் அந்தப் பெண்ணோடு முச்சக்கரவண்டியில் ஏறினேன். ஒவ்வொரு குழியிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று சாரதியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேகமாகப் போகும் ஆட்களைக் கண்டிக்கிற தகுதி எனக்குத்தான் இருப்பது போல.

காறையெலும்பு உடைந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் ஆறு கிழமைக்குக் கையைத் தூக்குத் துணியில் கட்டிவைத்திருக்கவேண்டும் என்றார். எக்ஸ்ரே அறைக்கு முன்னாலிருந்த வாங்கில் நாங்கள் மூன்று மணித்தியாலம் இருந்தோம். அதற்குள் அவள் யார் என்று ஓரளவு தெரிந்துகொண்டேன். யாழ்ப்பாணம். வயது முப்பதுக்குக் கிட்ட. நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றரில் ஒரு போர்டிங்கில் இருக்கிறாள்.

"சைக்கிள் எங்கட ஊரில இருந்து பஸ்சுக்கு மேல ஏத்திக் கொண்டந்தனான், அன்ரி" என்றாள். "பெற்றோல் இல்லாத வருசம். அந்த நேரம் இந்த றோட்டில எல்லாருந்தானே சைக்கிள் ஓடினவை. பிறகு பார்த்தா நான் மட்டுந்தான் மிச்சம்."

எனக்கும் அது நினைவிருந்தது. அந்த வருடம் என் கணவரும் ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். பாலம்வரை ஓட்டிப்போய், அதற்குப் பிறகு பஸ் பிடிப்பார். வீட்டுக்கு வந்தால் கார்க்காரர்களைத் திட்டுவார், சைக்கிள்காரனை மனிதனாகவே மதிக்கிறார்கள் இல்லை என்பார். பெற்றோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிளை விற்றுவிட்டார். ஆறு மாதத்துக்குள் சைக்கிள்காரர்களைத் திட்டத் தொடங்கினார்.

"கண்டியில பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறது குறைவுதானே, பயமில்லியா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

"ஏத்தம்தான் கஷ்டம். எங்கட பக்கம் எல்லாம் மேடு பள்ளம் இல்லாத வெளிதானே" என்றாள்.

பொலிஸ் நிலையத்துக்கு மூன்று முறை போனோம். முதல் நாள் பின்னேரம் எங்கள் விஷயத்தைப் பார்க்கவேண்டிய சார்ஜன்ட் யாரோ பெரிய மனிதரின் வருகைக்குப் பாதை காவலுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் அவர் இருந்தார், தமிழில் வாக்குமூலம் எழுதுகிற உத்தியோகத்தர் லீவில் இருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் பாமசிக்குப் போதும், பொலிசுக்குப் போதாது. தூக்குத் துணியோடு பஸ்சில் வந்தவள் அதே பஸ்சில் திரும்பிப்போனாள். மூன்றாம் நாளும் தமிழ் உத்தியோகத்தர் வரவில்லை. சார்ஜன்ட் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நோனா, உங்களுக்குச் சிங்களம் நன்றாக வருகிறதே" என்றார் என்னிடம் சிங்களத்தில். "அவர் சொல்வதை நீங்களே சொல்லுங்கள். எழுதி முடித்துவிடலாம்."

"சார், நான்தான் கதவைத் திறந்தவள்" என்றேன்.

"தெரியும். வேறு யார் இருக்கிறார்கள்? இன்னொரு நாள் வருகிறீர்களா?"

நான் அவளிடம் கேட்டேன். அவள் வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டு இருந்தாள். "நீங்களே சொல்லுங்கோ அன்ரி. இன்னொருக்கா என்னால வரேலாது" என்றாள்.

அப்படித்தான் எனக்கு எதிரான வாக்குமூலத்தை நானே மொழிபெயர்த்தேன்.

சார்ஜன்ட் ஒரு திருத்தம் சொன்னார். வாக்குமூலத்தில் 'நான்' என்றுதான் எழுதவேண்டும், 'அவர்' என்று எழுதமுடியாது, ஆகவே நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள் என்றார். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன். நான் பாதையின் இடது ஓரமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வாகனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. நான் வேகமாக வரவில்லை. காரில் இருந்த பெண் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். சொல்லும்போது என் குரல் அலுவலகத்தில் கடிதம் வாசிக்கும் குரலாக மாறிவிட்டது. காரில் இருந்த பெண் யாரோ ஒருத்தி போல ஆகிவிட்டாள். சரியான ஆள்தான் அவள் என்று எனக்கே கோபம் வந்தது.

"மணி அடிச்சனான் எண்டும் சொல்லுங்கோ" என்றாள். "ரெண்டு தரம் அடிச்சனான்."

"நான் இரண்டு முறை மணி அடித்தேன்" என்றேன்.

சார்ஜன்ட் அதை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். இப்போது உங்களுடைய வாக்குமூலம் என்று பக்கத்தைப் புரட்டினார். பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, "மணிச்சத்தம் கேட்டதா?" என்றார்.

முந்திய இரவு என் கணவர் வீட்டில் நிறையச் சொல்லியிருந்தார். "அந்தப் புள்ள நம்ம வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவுல பூந்து வந்திச்சி. நீ தெரிஞ்சா தொறந்தே? கேட்டா ஒன்னுமே கேக்கல்லைன்னு சொல்லு. யன்னல் மூடி இருந்திச்சிதானே." யன்னல் மூடித்தான் இருந்தது. அதுவரை உண்மை.

"இல்லை சார், கேட்கவில்லை" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கியிருக்கும். பேனாவுக்காக வலது கையை நீட்டினாள். கையெழுத்து வைக்கும்போது நான் அவளுக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். அவளால் ஒரு கையால் பிடிக்கவும் எழுதவும் முடியவில்லை.

வெளியே வரும்போது சார்ஜன்ட் வாசல்வரை வந்தார். "தினமும் காலையில் எனக்கு இதுதான் நோனா" என்றார். "கார்க்காரர் வந்தால் சைக்கிளைச் சொல்வார். சைக்கிள்காரர் வந்தால் பஸ்சைச் சொல்வார். மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் வீட்டைவிட்டு வருகிறார்கள். நானும் மோட்டார்சைக்கிளில் அப்படித்தான் வருகிறேன்." அவர் கொட்டாவி விட்டார். யாரையும் குறை சொல்கிற தெம்புகூட அவரிடம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவளுடைய போர்டிங்குக்குப் போகத் தொடங்கினேன். முதலில் ஒரு கடமைக்காகத்தான், சோறும் கறியும் கொண்டுபோனேன். அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் முழங்கால் வருத்தத்தோடு இருப்பவர், வரமுடியாது. தொலைபேசியில்தான் அழுதுகொண்டிருந்தார். அவருடைய குரல் அறைக்கு வெளியேயும் கேட்கும். "உந்த ஊரில உனக்குச் சைக்கிள் ஏன்? பஸ் இல்லையோ? நாளைக்கே வித்துப்போட்டு வா." அவள் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைப்பாள். சைக்கிளைக் கடலை விற்பவரிடமிருந்து என் கணவர்தான் ஒரு நாள் போய் எடுத்துவந்தார். முன்சக்கரம் வளைந்திருந்தது. போர்டிங்கின் பின்பக்கத்தில், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே சாத்தி வைத்திருந்தாள்.

அவளுக்கு நீளமான முடி. ஒரு கையால் வாரிக்கட்ட முடியாமல் வெறும் ரப்பர் வளையத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இரண்டாவது சனிக்கிழமை நான் சீப்பை எடுத்துச் சிக்கெடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அது என் வேலையாகிவிட்டது. தலைக்கு வார்த்துவிட்டு, ஈரம் காய்ந்ததும் இறுக்கிப் பின்னிவிடுவேன். திங்கள், செவ்வாய்வரை தாங்கும்.

நான்காவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். அவள் கதிரையில் இருந்தாள், நான் பின்னால் நின்று முடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். முகம் பார்க்கவேண்டியதில்லை என்பதால்தான் சொல்ல முடிந்தது.

"மகள், அந்த மணிச்சத்தம் எனக்குக் கேட்டிச்சி" என்றேன்.

அவள் தலையைத் திருப்பவில்லை.

"போன் சத்தம்னு நெனச்சேன். கேட்டும் திரும்பிப் பாக்கல்ல. பொலிசுல கேக்கல்லன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னத சரியாச் சொல்லிட்டு, என் முறை வந்ததும் பொய் சொல்லிட்டேன்."

கீழ்வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அன்ரி" என்றாள். "நீங்கள் சார்ஜனைப் பாக்காமல் புத்தகத்தைப் பாத்துச் சொன்னனீங்கள்."

"அப்ப ஏன் ஒன்னும் சொல்லல்ல?"

"நானும் முழுக்கச் சொல்லேல்லை. யன்னல் புகைச்சுக் கிடந்தாலும் உங்கட கை தெரிஞ்சது. பிடியில கை வச்சிருந்தனீங்கள். நான் கண்டனான். பிரேக்கில விரல் இருந்தது, பிடிச்சிருக்கலாம். கடைத் திறப்புக் கோர்வை என்னட்ட. எட்டு மணிக்குத் திறக்கோணும். மணி அடிச்சிட்டன்தானே, இனி அவா திறக்கமாட்டா எண்டு நினைச்சிட்டன்."

நான் பின்னலை முடித்தேன். அவள் சொன்னதைக் கேட்டபிறகு எனக்குப் பாரம் குறைந்திருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. குறையவில்லை. அவள் பிரேக் பிடிக்காததால் வந்தது அவளுடைய எலும்புக்குத்தான். நான் திரும்பிப் பார்க்காததால் வந்ததும் அவளுடைய எலும்புக்குத்தான்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சார்ஜன்ட் என்னைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். வாக்குமூலத்தில் ஒன்றைத் திருத்தவேண்டும் என்றேன்.

"எதற்கு நோனா? அந்தப் பிள்ளை வழக்கு வேண்டாம் என்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். நான் இதை மூடப்போகிறேன்."

"மணிச்சத்தம் கேட்டது சார். கேட்கவில்லை என்று சொன்னது பொய்."

அவர் பேனாவைத் தேடினார். மேசையில் இல்லை, சட்டைப்பையில் இல்லை, கடைசியில் என்னுடையதைக் கொடுத்தேன். மேலதிக வாக்குமூலம் என்று தலைப்புப் போட்டு நான்கு வரி எழுதினார். எழுதும்போது இன்னும் சில கேள்விகள் வந்தன. கார் எங்கே நின்றது? ஓரமாகவா, பாதையின் நடுவிலா? கண்ணாடி எப்படி இருந்தது? எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையெழுத்து வைக்கும்போதுதான், நான் என்னைத் திருத்தப்போய் என் கணவரையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று விளங்கியது. இறக்கக்கூடாத இடத்தில் ஆளை இறக்கியதற்கு வண்டியை ஓட்டியவர்தான் பொறுப்பு என்றார் சார்ஜன்ட். அவருக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றிரவு என் கணவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"முடிஞ்சு போன விசயத்த நீ போய் தொறந்துட்டு வந்திருக்கே" என்றார். "அந்தப் புள்ளையே வேணாங்குது. ஒனக்கு மட்டும் என்ன?"

"நீங்களும் ஒரு காலத்துல சைக்கிள் ஓட்டினீங்கதானே" என்றேன்.

"அதுக்கு?"

நான் அவருடைய சோற்றை மூடிவைத்தேன். பிறகு அவர் ஒரு நாள் சம்பளமில்லா லீவில் நீதிமன்றத்துக்குப் போய், காலையிலிருந்து பகல்வரை நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டு வந்தார். ஐந்து நாட்கள் என்னோடு பேசவில்லை. காலையில் காரில் இருவரும் வானொலியைக் கேட்டுக்கொண்டே போனோம். ஆறாம் நாள் அவராகவே சொன்னார், அங்கே தனக்கு முன்னால் நின்ற ஒருவர் கதவைத் திறந்து ஒரு பிள்ளையின் அப்பாவைச் சாகடித்தவராம். அழவும் இல்லையாம், பேசவும் இல்லையாம், கூப்பிட்டபோது மட்டும் கையைத் தூக்கினாராம். அதைச் சொல்லிவிட்டு வானொலியை நிறுத்தினார்.

அதன்பிறகு சில விஷயங்கள் மாறின. பெரிதாக என்று சொல்லமுடியாது. இப்போது நாங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுகிறோம். அதற்காக நான் நாலரைக்கு எழும்பவேண்டும், அந்த வயது எனக்கு இல்லை. நெரிசல் இறுகுவதற்கு முன்னாலேயே ஒரு தேவாலயத்தின் வாசலில் காரை உள்ளே திருப்பி நிறுத்துகிறார். அங்கிருந்து நான் நடக்கிறேன். மழை நாளில் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது சேலையின் கரை முழங்கால்வரை நனைந்திருக்கும். கண்ணாடியை மடக்குவதில்லை. கதவை வலது கையால் எட்டித் திறக்கவேண்டும், அப்போது உடம்பு தானாகப் பின்னால் திரும்பும் என்று அந்தப் பெண்தான் சொல்லித் தந்தாள். அவளுக்கு அதை அவளுடைய பாமசிக்கு வந்த யாரோ சொன்னார்களாம். பெரும்பாலும் அப்படித்தான் திறக்கிறேன். பெரும்பாலும் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், அலுவலகத்தில் கணக்காய்வுக்காரர்கள் வந்திருந்த கிழமை, அவசரத்தில் இடது கையால் படாரென்று திறந்துவிட்டேன். தேவாலய வளவுக்குள் யாரும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் விலகிப்போனது.

அவள் மூன்று மாதம் பஸ்சில் போனாள். எலும்பு கூடியபிறகும் உடனே சைக்கிளை எடுக்கவில்லை. "அம்மாக்குச் சொல்லிப்போட்டன், வித்திட்டன் எண்டு" என்றாள் ஒரு நாள். "அப்ப விக்கிறீங்களா?" என்றேன். "பஸ்சில எனக்கு மூச்சு முட்டுது அன்ரி. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஆராவது இடிச்சுக்கொண்டு நிக்கினம்" என்றாள். நான் வில் என்றும் சொல்லவில்லை, வைத்திரு என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்கிற ஆள் நான் இல்லை. அடுத்த கிழமை அவளே முன்சக்கரத்தை மாற்றினாள். இப்போது வாவிக் கரையின் நெரிசலுக்கு வந்ததும் இறங்கி, நடைபாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாள். நடந்துபோகிறவர்கள் அதற்கும் அவளைத் திட்டுகிறார்களாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். நாங்கள் பூசை முடிந்து வந்து சமைத்தோம். மீன் குழம்பு அவளுக்கு உறைப்புப் போதவில்லை, சொல்லாமல் ஒரு பச்சைமிளகாயைக் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டாள். என் கணவர் அவளோடு இன்னும் அதிகம் பேசமாட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை, வரவும் வராது. சாப்பாட்டின்போது மருந்து விலையைப் பற்றி மட்டும் கேட்டார்.

மூன்று மணிக்கு அவள் புறப்பட்டாள். அன்று பல்லேகலவில் ஒரு கிரிக்கெட் மாட்ச். பிரதான பாதையில் கொடி கட்டிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டிருந்தன. எங்கள் ஒழுங்கை பிரதான பாதையோடு சேருமிடம் ஒரு வளைவு. வலப்பக்கமிருந்து வருகிற வண்டி கிட்ட வரும்வரை தெரியாது. அவள் வலப்பக்கம்தான் திரும்பவேண்டும். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றாள். போகலாம் போலிருக்கும்போது இன்னொரு வேன் வரும். ஐந்து நிமிடம் நின்றிருப்பாள், நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் சாரத்தோடும் பெனியனோடும் வீட்டிலிருந்து இறங்கிப் போனார். நான் ஏதோ வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாதையின் நடுவில் போய் நின்று, வளைவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வந்த வேன் பிரேக் பிடித்துக் கிறீச்சிட்டது. சாரதி தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் அவருடைய தாயையும் தகப்பனையும் இழுத்தான். பின்னாலிருந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. மற்றப் பக்கம் வந்த முச்சக்கரவண்டிக்கு மற்றக் கையைக் காட்டினார்.

"போங்கம்மா, போங்க" என்றார் அவளிடம்.

அவள் கடந்து, வலப்பக்கம் திரும்பி, ஓரம் பிடித்துப் போனாள். "வாறன் அங்கிள்" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் திரும்பி வந்து முன்னறைக் கதிரையில் சாய்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாட்ச் பாக்கப் போறவனுக்கு என்ன அப்பிடி அவசரம்?" என்றார்.

சட்டையையாவது போட்டுக்கொண்டு போயிருக்கலாம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, வலியெண்ணெய்ப் போத்தல் எங்கே என்று கேட்டார்.